பாட்டாவைப் பாத்து பேத்தி ‘ஏலே’ன்னு கூப்பிடுவாளா? திரையிலயும் புத்தகத்துலயும் நம்ம பேச்சு

#1 தோவாளைக்காரன்

கதை நாகர்கோவில் பக்கம் நடக்குதுன்னு ஒரு தொடர்லயோ படத்துலயோ சொல்லிட்டா ரெண்டு காரியம் நிச்சயம். கேமரா வட்டக்கோட்டை மதில்ல ஏறி ஒரு சுத்து சுத்தும். அப்புறம் ஆணு பெண்ணு, சின்னவன் பெரியவன் பாக்காம எல்லாரும் வரிக்கு வரி ‘ஏலே’ போடுவாங்க. இதுதான் கன்னியாகுமரித் தமிழாம்.

சும்மா திட்டுகதுக்கு இந்தப் பதிவைப் போடல. ஒரு சின்னக் காட்சி எழுதித் தாறேன் (பாட்டான்னா நம்ம ஊர்ல தாத்தா). முதல்ல பொதுத்தமிழ்ல:

பேத்தி: பாட்டா, உள்ளே வாருங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு வரட்டுமா?
பாட்டா: தண்ணீர் வேண்டாம். என் கம்பை உன் தம்பி எங்கே வைத்தான்?
பேத்தி: அவன் இப்போதுதான் பலாப்பழம் வெட்டப் போனான். வந்ததும் கேட்கிறேன்.

தொடர் எழுதுகவங்க கையில போனா இது இப்படித் திரும்பி வரும்:

பேத்தி: ஏலே பாட்டா, உள்ளார வாங்கலே. குடிக்கத் தண்ணி கொண்டாரட்டாலே?
பாட்டா: தண்ணி வேணாம்லே. எங் கம்ப உன் தம்பி எங்கிட்டு வச்சான்லே?
பேத்தி: அவன் இப்பத்தாம்லே பலாப்பளம் வெட்டப் போனான்.

‘லே’ங்கது வயசுல எளையவனுக்கு, இல்ல சோட்டுக்காரனுக்கு, அதாவது ஒத்த வயசுக்காரனுக்கு. அதுவும் ஆம்பிளைக்கு. பாட்டாவைப் பாத்து பேத்தி அப்படிச் சொன்னா அடுத்த காட்சி குடும்பச் சண்டையாத்தான் இருக்கணும். ‘லே’யும் மரியாதை விகுதியும் ஒரே சொல்லுல ஒட்டாது. ‘வாலே’ உண்டு, ‘வாரும்வே’ உண்டு, ‘வாங்கலே’ நம்ம ஊர்ல கெடையாது. ‘உள்ளார’, ‘கொண்டார’, ‘எங்கிட்டு’ மூணும் வேற மாவட்டத்துச் சரக்கு. எல்லாத்தையும் விட எரிச்சல் அந்த ‘பளம்’. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன் கூட இங்க ‘பழம்’, ‘மழை’, ‘கிழக்கு’ன்னு ‘ழ’வைத் தெளிவாச் சொல்லுவான். தெக்கத்திக்காரன்னாலே ‘ள’ன்னு முடிவு பண்ணி வச்சிருக்காங்க.

நான் எழுதினா:

பேத்தி: பாட்டா, உள்ள வாங்க. குடிக்கதுக்குத் தண்ணி கொண்டு வரட்டா?
பாட்டா: தண்ணி வேண்டாம் மக்களே. எனக்க கம்பை ஒனக்க தம்பி எங்க வச்சான்?
பேத்தி: அவன் இப்பந்தான் பலாப்பழம் வெட்டப் போனான். வந்ததும் கேக்கேன்.

பாருங்க, ஒரு ‘லே’ இல்ல. ‘மக்களே’ங்கது ஒருத்தியா இருந்தாலும் பிள்ளையைச் செல்லமாக் கூப்பிடுகது. பொருளுக்குப் பேரு எல்லாம் பொதுத்தமிழ்ல தான் இருக்கு. ஆனா ‘எனக்க’, ‘ஒனக்க’, ‘குடிக்கதுக்கு’, ‘இப்பந்தான்’, ‘கேக்கேன்’ அஞ்சும் சேந்தா ஆளு எந்த ஊருன்னு சந்தேகமே வராது. பேச்சோட ஊரு விகுதியிலயும் வேற்றுமையிலயும் தான் இருக்கு, சொல்லுல இல்ல. சொல்லைத் தூவி ஊரைக் காட்டுகது, சாம்பார்ல கறிவேப்பிலையை மேல போட்டுட்டு தாளிச்சாச்சுன்னு சொல்லுகது மாதிரி. மறுப்பு இருந்தா சொல்லுங்க.

#2 டப்பிங் மேசை

இருக்கு. தப்புப் பட்டியல் ஒவ்வொண்ணும் சரி. முடிவுதான் தலைகீழ்.

திரையில ஒரு வரி ஒரே தடவைதான் காதுல விழும். புரியலேன்னா திருப்பிப் பாக்க யாரும் நிறுத்த மாட்டாங்க. அப்ப எது புரியணும்னு முதல்ல கேக்கணும். ‘சக்கை’ன்னு ஒருத்தி சொல்லும்போது பக்கத்துல பலாப்பழம் கிடந்தா, சென்னையில இருக்கவனுக்கும் சேலத்துல இருக்கவனுக்கும் அரை நொடியில விளங்கிடும். பொருளுக்குப் பேரு கேமராவே சொல்லிக் குடுக்கும். விகுதியை எந்தக் கேமராவாலயும் காட்ட முடியாது.

உங்க ‘எனக்க’வையே எடுங்க. மத்த மாவட்டத்துக் காது அதை ‘எனக்கு’ன்னுதான் வாங்கும். ‘எனக்க கம்பை’ன்னா கம்பு கூட வர்றதால தப்பிச்சிடும். ‘அவனுக்க பைசா நான் குடுத்தேன்’னு எழுதிப் பாருங்க. அவனோட பைசாவை வேற யாருக்கோ குடுத்தேன்னு நீங்க எழுதுறீங்க. அவனுக்குப் பைசா குடுத்தேன்னு பாக்குறவன் கேக்குறான். கதையே மாறிப் போச்சு. கடைசி உயிரெழுத்து ஒண்ணுதான் ரெண்டுக்கும் வித்தியாசம். பின்னணி இசை ஓடுறப்ப அந்த ஒரு எழுத்து எங்க கேக்கும்?

கோவைப் பேச்சு எல்லாருக்கும் புரியுதேன்னு கேப்பீங்க. அங்க புரிஞ்ச சொல்லுக்குப் பின்னாடி ‘ங்க’ வந்து ஒட்டுது, அவ்வளவுதான். எடுத்துட்டாலும் வரி நிக்கும். இங்க வேற்றுமை உருபே மாறுது. ரெண்டும் ஒரே செலவு இல்ல.

அதனால என் பக்கம் இது: சொல்லை வையுங்க, விகுதியைப் பாதி தணியுங்க.

இன்னொரு வேலை ரகசியம். படப்பிடிப்புல பொதுத்தமிழ் பேசிட்டு டப்பிங்ல வட்டாரம் ஏத்திக்கலாம்னு நினைக்கிறவங்க நிறைய. முடியாது. ‘இப்போ’ன்னு நடிச்சா முடியுறப்ப உதடு குவிஞ்சு திறந்திருக்கும். ‘இப்பம்’னு குரல் குடுத்தா உதடு மூடி இருக்கணும். க்ளோசப்ல வாய் திறந்திருக்க, காதுல ‘ம்’ கேக்கும். ப, ம, வ வர்ற இடம் எல்லாம் இப்படி மாட்டும். ‘தண்ணி’யில உதடு ஒட்டவே ஒட்டாது, ‘வெள்ளம்’ ‘ம்’ல மூடித்தான் முடியும். தளத்துலயே பேசலேன்னா அப்புறம் பேச முடியாது. அல்லது ஆளை முதுகு காட்டி நிக்க வைக்கணும், அதுதான் நடக்குது.

#3 சும்மா பாக்கவன்

ராத்திரி எட்டரைக்கு டிவி ஓடும்போது வீட்டுல பாதிப் பேரு பாக்கது இல்ல, கேக்கது தான். ஒருத்தி அடுப்படியில, ஒருத்தரு திண்ணையில. சக்கை கிடக்குது கேமரா காட்டும்னு சொல்லுகியளே, அடுப்படிக்குக் கேமரா வருமா? ரெண்டு பேரும் வீணாச் சண்டை போடுகிய. எல்லாருக்கும் புரியுத பொதுத்தமிழ்ல பேசிட்டுப் போட்டும். கதை நல்லா இருந்தா ஆளு உக்காந்து பாப்பான்.

#4 தோவாளைக்காரன்

சும்மா பாக்கவன், உங்க பதிவுலயே ‘கேக்கது’, ‘சொல்லுகியளே’, ‘போட்டும்’. பொதுத்தமிழ் வேணும்னு கேக்கதுக்குக் கூட உங்களுக்கு நம்ம விகுதி தான் வருது. 

டப்பிங் மேசைக்கு: ‘அவனுக்க பைசா’ நியாயமான எடுத்துக்காட்டு, ஒத்துக்கிடுகேன். அதுக்கு விகுதியைத் தணிக்க வேண்டாம், வரியை மாத்தினாப் போதும். குடு, வாங்கு, அனுப்பு, சொல்லு மாதிரி நாலாம் வேற்றுமை கேக்கக்கூடிய வினை பக்கத்துல வந்தா ‘அவனுக்க’வைப் போடாதே. அம்மை, மாமன், வீடு, கை, கம்பு மாதிரி உறவு, உடம்பு, உடைமைக்கு முன்னால போடு. ‘அவனுக்க அம்மை’ன்னு மூணு தரம் காதுல விழுந்தா மதுரைக்காரனும் பிடிச்சுக்கிடுவான். முதல் பத்து நிமிஷத்துல அந்த மூணையும் தந்துரணும். பதினொண்ணாவது நிமிஷத்துல அவன் காது இங்க குடிவந்திரும்.

#5 மார்த்தாண்டம் வாசகி

அண்ணாச்சி, நீங்க ‘நம்ம பேச்சு’ன்னு சொல்லுகது எந்தப் பேச்சு? தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேந்த நாஞ்சில் நாட்டுப் பேச்சு. 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழ்நாட்டோட சேந்து நம்ம மாவட்டம் ஆனது நாலு தாலுகா. கல்குளமும் விளவங்கோடும் உங்க காட்சியில எங்க? களியக்காவிளையில ஒரு பேத்தி பாட்டாகிட்ட ‘தண்ணி வேணுமா’ன்னு கேக்க மாட்டா, ‘வெள்ளம் வேணுமா’ன்னு தான் கேப்பா.

இங்க தான் டப்பிங் மேசை சொல்லுகதும் கவுந்து விழுது. ‘சொல்லை வையுங்க’ங்கிறார். எந்தச் சொல்லை? வெளியூர்க்காரனுக்குத் தெரியாத சொல் பிரச்சனையே இல்ல, தெரியாதுன்னு அவனுக்கே தெரியும், காத்திருப்பான். தெரிஞ்ச சொல் வேற அர்த்தத்துல வரும்போது தான் குழி. ‘குடிக்க வெள்ளம் கொண்டா’ன்னா ஆத்து வெள்ளத்தை நினைப்பான். ‘சக்கை’ன்னா கரும்புச் சக்கை, சாறு பிழிஞ்ச குப்பை. ‘கறி’ன்னா ஆட்டுக்கறி, இங்க மீன் குழம்பும் கறி, காய் போட்டதும் கறி. ‘சாடினான்’னா திட்டினான்னு எடுப்பான், இங்க குதிச்சான். ‘பூச்சை’யைப் பூச்சின்னு கேப்பான், அது பூனை. ‘கொள்ளாம்’னா கொள்ள மாட்டோம்னு அர்த்தம் பண்ணுவான், நம்ம ஊர்ல அது நல்லாருக்குன்னு பாராட்டு. ஒரு மாப்பிள்ளை பெண் பாத்துட்டு ‘கொள்ளாம்’னு சொன்னா வெளியூர்க்காரன் கல்யாணம் நின்னு போச்சுன்னு நினைப்பான்.

அதனால சொல்லை ரெண்டு குவியலாப் பிரிக்கணும். மரச்சீனி (மரவள்ளி), ஏத்தங்காய் (நேந்திரங்காய்), மட்டிப்பழம், கட்டஞ்சாயா (பால் விடாத டீ), விளை (தோட்டம்), ஏலா (வயல்வெளி) இதெல்லாம் ஒரு குவியல். கேட்டதும் புதுசுன்னு தெரியும், பொருளைக் காட்டினா ஒட்டிக்கும், தாராளமாப் போடலாம். வெள்ளம், சக்கை, கறி, கொள்ளாம், சாடு இதெல்லாம் அடுத்த குவியல். இதுல ஒவ்வொண்ணுக்கும் முதல் தடவை ஒரு செயல் கூட வரணும். ‘வெள்ளம்’னு சொல்லும்போது கையில செம்பு இருக்கணும். அடுப்படியில இருந்து கேக்கவங்களுக்கு அந்தச் செம்பு சத்தம், கோருகிற சத்தம் போதும்.

விகுதியில அண்ணாச்சி கட்சி தான் நானும். ஆனா அதுலயும் ஊருக்கு ஊரு வேற. நாஞ்சில் நாட்டுல ‘சொல்லுகேன்’, திருநெல்வேலியில ‘சொல்லுதேன்’. ஆரல்வாய்மொழி தாண்டினா ஒரு எழுத்து மாறும். அந்த ஒரு எழுத்தைப் பிடிக்காம ‘தெக்கத்திப் பேச்சு’ன்னு ஒரே அண்டாவுல கலக்கி ஊத்துகதால தான் குமரிக் கதாபாத்திரம் எல்லாம் பாளையங்கோட்டையில பிறந்தவன் மாதிரிப் பேசுகான்.

#6 டப்பிங் மேசை

ரெண்டு குவியல் கணக்கு நல்ல கணக்கு அக்கா. எடுத்துக்கிட்டேன். என் ‘சொல்லை வையுங்க’ளை ‘முதல் குவியலை வையுங்க’ன்னு திருத்திக்கிறேன்.

விகுதியில இன்னும் ஒத்துக்கல. காரணம் நடிகர் இல்ல, தொடர் செய்ற முறை. அரை மணி நேர இடத்துல விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிஷம். வாரத்துக்கு அஞ்சு ஆறு நாள். வசனத் தாள் பல நாள் காலையிலதான் தளத்துக்கு வரும். நடிகர் மனப்பாடம் பண்றதில்லை. கேமராவுக்குப் பின்னாடி ஒரு உதவியாளர் வரியைச் சத்தமா வாசிப்பார், இவர் திருப்பிச் சொல்வார். வாசிக்கிறவர் விழுப்புரத்துக்காரர்னா ‘கேக்கேன்’ அவர் வாயிலயே ‘கேக்குறேன்’ ஆகிடும். அப்புறம் டப்பிங். அங்க குரல் குடுக்குறது பெரும்பாலும் வேற ஆள், அன்னிக்கு அடுத்தடுத்து நாலு தொடருக்கு வேலை. தாள், உதவியாளர், நடிகர், குரல்னு நாலு வாசல் தாண்டி வரணும் உங்க விகுதி. நாலுல ஒண்ணு தூங்கினாலும் போச்சு.

பாதி வரியில ‘கேக்கேன்’, பாதி வரியில ‘கேக்குறேன்’னு வர்றதைவிட முழுசா ‘கேக்குறேன்’னு விடுறது மேல். கலந்து வந்தா ஆளே ரெண்டு ஆளாத் தெரியும்.

#7 தோவாளைக்காரன்

நாலு வாசல்ல ஒருத்தரை நிறுத்துங்க, முடிஞ்சுது. ஆனா எங்க நிறுத்தணும்கதுல தான் எல்லாரும் தப்புப் பண்ணுகாங்க. வட்டாரம் தெரிஞ்ச ஆளைப் படப்பிடிப்புல நாற்காலி போட்டு உக்கார வைப்பாங்க, டப்பிங் அறைக்குக் கூப்பிட மாட்டாங்க. கடைசியாத் திருத்துக இடம் அது தானே. ஒருத்தருக்கு மட்டும் காசு இருக்குன்னா அவரை டப்பிங்ல வையுங்க. ரெண்டு பேருன்னா இன்னொருத்தர் தாளை வாசிக்கட்டும், அந்த உதவியாளர் எடத்துல.

#8 டப்பிங் மேசை

டப்பிங்ல உக்கார வச்சாலும் உதடு விஷயம் இருக்கே. மேல சொன்னேனே.

#9 தோவாளைக்காரன்

அதனால தான் ரெண்டு பேரு.

#10 கோட்டார் ஏடு

திரையை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த வழக்கு புத்தகத்தில் முன்பே பலமுறை நடந்து, பலவிதமாகத் தீர்ப்பும் ஆகிவிட்டது. அதைப் பார்த்தாலே பாதிச் சண்டை தேவைப்படாது.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964இல் வந்தது. பனையேறிகளும் அவர்களைச் சுற்றிய வீடுகளும்தான் கதை. விவரிப்பு எளிய பொதுத்தமிழ்; வாயைத் திறந்தால் ஊர்ப்பேச்சு. பேச்சு விளங்காத இடத்தில் அடுத்த விவரிப்பு வரி கைகொடுக்கும். நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968. இரணியல் செட்டிமார் பேச்சு அதில் தாராளம். முதல் முப்பது பக்கம் வெளியூர் வாசகர் தடுமாறுவார், பிறகு அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார். தோவாளைக்காரர் சொல்லும் ‘முதல் பத்து நிமிஷம்’ இங்கே முப்பது பக்கமாக நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால் தேரூர்க் கவிமணி ‘மருமக்கள் வழி மான்மியத்தில்’ நாஞ்சில் நாட்டுப் பேச்சைச் செய்யுளிலேயே புழங்க விட்டிருக்கிறார். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முஹம்மது மீரான் மலையாளமும் அரபும் கலந்த பேச்சை அப்படியே எழுதினார். 1997இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. புரியாது என்கிற பயம் விற்பனைப் பிரிவுக்குத்தான் இருந்திருக்கிறது, வாசகருக்கு இல்லை.

ஆனால் புத்தகத்தில் ஓடுவதைத் திரையில் அப்படியே ஓட்டலாம் என்று நான் சொல்லவில்லை. நாஞ்சில் நாடனின் ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977இல் நாவல், 2002இல் ‘சொல்ல மறந்த கதை’ என்று படம். ‘தலைமுறைகள்’ 2010இல் ‘மகிழ்ச்சி’ ஆனது. நாவலில் ஒரு கிழவி அரைப்பக்கம் புலம்பலாம். வாசகர் தன் வேகத்தில் போவார், விட்ட இடத்துக்குத் திரும்புவார். திரையில் அந்த அரைப்பக்கம் மூன்று வரி. அதனால் நாவலில் இருந்து வசனத்தை அள்ளிப் போடுவது வட்டாரத்துக்கு விசுவாசம் ஆகாது. மூன்று வரியைப் புதிதாக எழுத வேண்டும், அந்த ஊர்க்காரர் எழுத வேண்டும்.

எழுதுகிறவர்களுக்குக் கைவேலைக் குறிப்பு ஒன்று. வட்டாரப் பேச்சை அச்சில் ஒலிப்படி முழுக்க எழுதினால் பக்கம் முள்வேலி ஆகிவிடும். ‘கம்ப’ என்று எழுதாதீர்கள், ‘கம்பை’ என்றே எழுதுங்கள். ‘தலை’ என்று எழுதியதைத் ‘தல’ என்று வாசிக்கத் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஈற்று ஐகாரம் எல்லா ஊரிலும் பேச்சில் தேய்கிறது, அதில் வட்டாரம் கிடையாது. நம் ஊருக்கே உரியதை மட்டும் ஒலிப்படி எழுதினால் போதும்: எனக்க, இப்பம், சொல்லுகேன், வந்தாவ (வந்தார்கள்). அப்போது அந்த நான்கும் பளிச்சென்று தெரியும், மற்றது உறுத்தாது. தோவாளைக்காரர் தம் மாதிரிக் காட்சியில் இதைச் செய்திருக்கிறார், கவனித்தேன்.

சொற்பொருள் பட்டியலைப் புத்தகத்தின் கடைசியில் போடுவது என் கணக்கில் வீண். கதை ஓட்டத்தில் யாரும் பின்னால் புரட்டுவதில்லை. அடிக்குறிப்பு அதைவிட மோசம். அழுகிற இடத்தில் ‘1. மரச்சீனி: மரவள்ளிக்கிழங்கு’ என்று நின்றால் அழுகை நின்றுவிடும். ஒரு சொல் புத்தகத்தில் மூன்று முறைக்கு மேல் வருமானால் முதல் முறை சூழலில் விளங்க வையுங்கள். ஒரே முறை வரும் சொல் பொருளின் பெயரல்லாமல் வேறெதுவாக இருந்தாலும் யோசித்துப் போடுங்கள். அது பெரும்பாலும் எழுத்தாளர் தன் சேகரிப்பைக் காட்டுவதற்காக வந்திருக்கும்.

#11 மார்த்தாண்டம் வாசகி

பட்டியல் வீண்ங்கத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் சார். கதை வாசிக்கும்போது புரட்ட மாட்டாங்க, சரி. முடிச்ச பிறகு புரட்டுவாங்க. வெளியூர்ல வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியல் தான் அம்மம்மா பேசினதுக்கு அகராதி. அடிக்குறிப்பைத் தூக்குங்க, பட்டியலை விடுங்க.

#12 கோட்டார் ஏடு

பிள்ளைகளுக்கு என்றால் சரி. ஆனால் அகரவரிசையில் இருக்கட்டும். பக்க வரிசையில் போட்ட பட்டியல்களில் எதையும் தேடி எடுக்க முடியாது.

#13 தூத்தூர் கரை

கடற்கரையை எல்லாரும் மறந்தாச்சு. முட்டத்துல 1981ல ‘அலைகள் ஓய்வதில்லை’, 1986ல ‘கடலோரக் கவிதைகள்’ எடுத்தாங்க. ஊரும் பாறையும் தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்சுது. முட்டத்துப் பேச்சு ஒரு வரி வெளிய போகல. இப்பவும் கடலோரக் கதைன்னா மீன் பிடிக்கவன் காசிமேட்டுக்காரன் மாதிரிப் பேசுவான், இல்ல தூத்துக்குடிக்காரன் மாதிரி.

கடற்கரையில சொல்லை விட்டா எதுவும் மிஞ்சாது, அதனால இந்த விஷயத்துல நான் டப்பிங் மேசை பக்கம். வள்ளம், கட்டுமரம், கரமடி, சாளை, நெத்தோலி, கச்சான் காத்து இதையெல்லாம் ‘படகு’, ‘வலை’, ‘மீன்’, ‘காத்து’ன்னு தட்டையாக்கினா தொழிலே போச்சு. கரமடியும் தூண்டிலும் ஒரே வேலையா? கரமடின்னா வலையைக் கடல்ல வளைச்சு விட்டுட்டு ரெண்டு பக்கமும் கரையில நின்னு ஆளுக இழுக்கது. தூத்தூர்க்காரன் ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போறவன், வாரக்கணக்குல கரை காண மாட்டான். ரெண்டு பேருக்கும் ஒரே ‘வலை வீசினேன்’ வசனம் எழுதினா எங்க ஊர்ல சிரிப்பான்.

இன்னொரு சங்கதி. வாசகி அக்கா சொன்ன ‘வெள்ளம்’ இங்க எங்க ‘வள்ளம்’ கூட முட்டும். ‘வள்ளத்துல வெள்ளம் கேறியாச்சு’ன்னு ஒருத்தன் கத்தினா படகுல தண்ணி ஏறிட்டுன்னு அர்த்தம். அலைச் சத்தத்துல டப்பிங் அறையில அதை எவனும் பிரிச்சுக் கேக்க முடியாது. அந்த எடத்துல நான் கூட ‘தண்ணி’ன்னு தான் எழுதுவேன்.

#14 டப்பிங் மேசை

கடைசியில விட்டுக்குடுத்தது கடற்கரைதான்! 

சப்டைட்டில் பத்தி யாரும் பேசல. வட்டாரம் அதிகம் கொலை ஆகுறது அங்கதான். ஆங்கில சப்டைட்டில்ல ஒரு நேரத்துல ரெண்டு வரி, வரிக்கு சுமார் 42 எழுத்து, ஒரு வாசகம் 7 விநாடிக்கு மேல நிக்காது. அதனால எழுதுறவர் சுருக்குவார். சுருக்குறப்ப சொல்லுக்குச் சொல் போட்டா ஆபத்து. ‘சவத்தை விடு’ன்னு ஒருத்தர் சொல்றார்; ‘தொலையட்டும் விடு’ன்னு அர்த்தம், சலிப்பு அவ்வளவுதான். வட்டாரம் தெரியாதவர் அதைப் ‘பிணத்தை விட்டுவிடு’ன்னு மொழிபெயர்த்தா, பாக்குறவன் பிணம் எங்கன்னு தேடுவான். ‘என்ன எளவு’ம் அப்படித்தான், சாவு வீட்டைக் கொண்டு வந்து வச்சிடுவாங்க.

தமிழ்ப் படத்துக்குத் தமிழ்லயே வரி போடுறாங்களே, அதுல இன்னொரு தப்பு. பேச்சை ‘எனக்க’ன்னு கேட்டு, எழுத்துல ‘எனக்கு’ன்னு திருத்திடுவாங்க, தட்டச்சுப் பிழைன்னு நினைச்சு. சத்தம் ஒண்ணு, எழுத்து ஒண்ணு. திருத்துறவருக்கு ஒரு பக்கத்துல பத்து விகுதியை எழுதிக் குடுத்துட்டா இது நிக்கும். ‘எனக்க சரி, திருத்தாதே’ன்னு.

இந்தத் தமிழ் எழுத்து வரி மட்டும் ஒழுங்கா இருந்தா நான் விகுதியை முழுசா விடச் சம்மதிப்பேன். காது விட்டதைக் கண்ணு பிடிக்கும். ஓடிடி படத்துக்கு உங்க வழி. தினத்தொடருக்கு என் வழி. அதுல சப்டைட்டிலும் கிடையாது, திருத்த நேரமும் கிடையாது.

#15 சும்மா பாக்கவன்

அப்பம் தொடர்ல எங்களுக்கு ‘ஏலே’ தானா?

#16 தோவாளைக்காரன்

இல்ல. தொடருக்கு ஒரே ஒரு கட்டளை போதும்: ‘லே’ எழுதும்போதெல்லாம் யாரு யாருகிட்ட பேசுகாங்கன்னு தாள்ல பேருக்குப் பக்கத்துல வயசை எழுது. சின்னவன் பெரியவன் கிட்டன்னா வெட்டு. பொம்பிளை கிட்டன்னா வெட்டு. ‘வாங்க’, ‘சொல்லுங்க’ பக்கத்துல வந்தா வெட்டு. பத்துக்கு ஒம்பது தானாப் போயிரும். இதுக்கு வட்டாரம் தெரிஞ்ச ஆளும் வேண்டாம், காசும் வேண்டாம்.

டப்பிங் மேசை தொடருக்குச் சொன்னதை அரை மனசா விடுகேன். ஆனா ‘எனக்க’, ‘இப்பம்’ ரெண்டை மட்டும் தொடர்லயும் வைக்கணும். ரெண்டே ரெண்டு, எல்லா வரியிலயும். கலப்பு வராது, நாலு வாசலும் மனப்பாடம் ஆயிரும்.

#17 டப்பிங் மேசை

ரெண்டுன்னா தாங்கும். ‘இப்பம்’ உதடு மூடணும்னு நடிகருக்கு முதல் நாளே சொல்லிடணும்.

சரி, உங்க காட்சியை விளவங்கோட்டுப் பக்கம் வச்சு, அக்கா சொன்ன குவியல் கணக்கு, கோட்டார் சார் சொன்ன எழுத்து எல்லாம் பாத்து ஒண்ணு எழுதிப் பாத்தேன். தப்பு இருந்தா வெட்டுங்க.

(பேத்தி கிணத்தடியில. வாளி உரசுற சத்தம். கையில செம்பு.)
பேத்தி: பாட்டா, உள்ள வாங்க. குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?
பாட்டா: வெள்ளம் வேணாம் மக்களே. எனக்க கம்பை ஒனக்க தம்பி எங்க வச்சான்?
(முற்றத்துல பாதி வெட்டின பலாப்பழம், ஈ மொய்க்குது.)
பேத்தி: இப்பந்தான் சக்கை வெட்டிட்டு இருந்தான். வந்ததும் கேக்கேன்.

#18 மார்த்தாண்டம் வாசகி

‘வேணாம்’ இல்ல, ‘வேண்டாம்’. மத்தது கொள்ளாம்.